தோன்றா எழுவாய்

“பூசினாப்ல இருக்கும்மா. ஒரு வருசம் போகட்டும், உப்பிரும் பாரேன்.”

“பைய பேசுல. கேட்ரப் போது.”

இவ்வளவுதான் அக்கா. இந்த இரண்டு வரிக்காகத்தான் இந்த நடைமெஷின் எங்கள் வீட்டுக்கு வந்தது. ‘வாங்கி ஆறு மாசம்கூட ஆகலியே, ஏன் குடுக்கீங்க’ என்று கேட்டீர்களே, அதற்குத்தான் சொல்கிறேன். சுவர் வேலை நடக்கிறது, வைக்க இடமில்லை என்று அப்பா உங்களிடம் போனில் சொல்லியிருப்பார். அதுவும் உண்மைதான்.

உட்காருங்கள். அப்பா இதைக் கீழே இறக்க ஆள் கூட்டிவரப் போயிருக்கிறார். முக்கு வரைக்கும்தான் என்று சொல்லிவிட்டுப் போவார், முக்கில் தெரிந்தவர் ஒருவர் நிற்பார். எப்படியும் முக்கால் மணி நேரம். அம்மா கோவிலுக்குப் போயிருக்கிறாள். அந்த நாற்காலி வேண்டாம், சிமெண்டுத் தூசி. இதில் உட்காருங்கள். அந்த ஓட்டையைப் பார்க்காதீர்கள். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். அதையும் சொல்கிறேன். மெஷின் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அது அந்த ஓட்டையால் வந்ததுதான். மற்றபடி நன்றாக ஓடும்.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. இந்தத் தெருவில் பாதிப் பேருக்கு என் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது. தெரிந்தவர்களிடம் எனக்குப் பேச்சு வராது. உங்களை இனிமேல் பார்க்கப்போவதில்லை, அதனால் வருகிறது. பேசாமல் இருப்பதில் ஒரு வசதி உண்டு, எல்லாவற்றையும் கவனிக்கலாம். பேசுகிறவர்கள் ஒன்றையும் கவனிப்பதில்லை. எங்கள் வீட்டில் மூன்று பேர். அதில் கண்ணும் காதும் உள்ளவள் நான் ஒருத்திதான். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒரு கைடு கம்பெனிக்குப் பத்தாம் வகுப்பு இலக்கணப் பகுதி எழுதிக் கொடுக்கிறேன். ஒற்றுப்பிழை ஒன்று என்னைத் தாண்டிப் போகாது. அப்படிப்பட்டவள்.

வைகாசி மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பகவதி அத்தை, அப்பாவின் அக்கா, அவள் கொண்டுவந்த இடம். அம்பாசமுத்திரத்துக்காரர்கள். பையன் பெயர் ஆறுமுகநயினார். இன்ஜினியர் என்றார்கள். இன்ஜினியர் என்றால் ஏசி அறையில் இருக்கிறவன் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நிற்கிறவன். அதில் ஒன்றும் குறையில்லை. சும்மா சொன்னேன்.

அவர்கள் வருகிறார்கள் என்றதும் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். அம்மா என் முகத்துக்குக் கடலைமாவு தடவினாள். அப்பா இந்தச் சுவருக்கு ஆள் பிடித்தார். சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் எங்கேயோ கசிந்து, பல வருடமாக இங்கே ஓர் ஈரத்திட்டு தேமல் மாதிரி படர்ந்துகொண்டிருந்தது. அதன் மேல் காலண்டரைத் தொங்கவிட்டே காலத்தை ஓட்டியவர் அப்பா. திட்டு பெரிதாகப் பெரிதாகப் பெரிய காலண்டராக வாங்கி வருவார். பையன் வீட்டார் வருகிறார்கள் என்றதும் கொத்தனாரைக் கூட்டிவந்து இரண்டே நாளில் சுவரைச் சரிசெய்து, சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்துவிட்டார். குழாயைத் தொடவில்லை. குழாய்தான் வெளியே தெரியாதே.

அந்தச் சுவருக்கு முன்னால்தான் என்னை நிறுத்தினார்கள். காபி கொடுத்துவிட்டு நின்றேன். பையன் என்னைப் பார்க்கவில்லை அக்கா. எனக்குப் பின்னால் பார்த்தான். என் வலது தோளுக்கு மேலே ஏதோ எழுதி வைத்திருக்கிறது போல அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தான். நடுவில் ஒரு தடவை என்னைப் பார்த்தான். நான் அதைக் கவனித்ததும் மறுபடி தோளுக்கு மேலே போய்விட்டான். “பையனுக்குக் கூச்சம் வடிவு” என்று அத்தை அம்மாவிடம் சொன்னாள். கூச்சம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? கூச்சப்படுகிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள். நான் இருபத்தேழு வருடமாகத் தரையைப் பார்க்கிறேன்.

அவர்கள் கிளம்பியதும் நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். எங்கள் மாடிப்படி வெளிப்பக்கம் இறங்குகிறது, நீங்கள் ஏறி வந்தீர்களே. அடுக்களை ஜன்னல் அதில் நாலாவது படிக்கு நேரே இருக்கிறது. அங்கே நின்றபோதுதான் அது காதில் விழுந்தது. பையன் சொன்னான், அவன் அம்மா அதட்டினாள். நான் முதலில் உங்களுக்குச் சொன்னேனே, அது.

பூசினாப்ல. நம் ஊர்க்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள். குண்டு என்று சொல்ல மாட்டார்கள். எலும்பு மேல் கொஞ்சம் சதையை அள்ளிப் பூசினாற்போல என்பார்கள். அதையாவது விட்டுவிடலாம். உப்பிரும் பாரேன் என்றால் என்ன அர்த்தம்? கல்யாணம் முடிந்து ஒரு வருடத்தில் நான் பூரி மாதிரி ஆகிவிடுவேன் என்று அர்த்தம். அம்மாவிடம் அதைச் சொல்லுகிறான், பாருங்கள். கூடவே ஒரு ஜோசியம், ஒரு வருடம் என்று தவணை வேறு.

இரண்டு நாள் கழித்து, பெண் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பூசினாப்ல இருந்தாலும் போகட்டும் என்று பெரிய மனது பண்ணியிருக்கிறார்கள்.

“எனக்குப் பிடிக்கல” என்றேன்.

“என்னட்டி பிடிக்கல?” என்றாள் அம்மா.

“பிடிக்கல.”

“மூக்கு கொஞ்சம் பெருசுதான். அதுக்காவ?” என்றாள் அத்தை.

“மூக்கில்ல. பேச்சு பிடிக்கல.”

“ஏட்டி, அவன் எங்கட்டி பேசுனான்? வந்ததுலேருந்து வாயே தொறக்கலியே! காபி நல்லாருக்குன்னுகூடச் சொல்லலியே!”

நான் காரணம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த வார்த்தையை என் வாயால் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? அம்மா என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்ப்பாள். அந்தப் பார்வையை நான் பார்க்க வேண்டியிருக்கும். அவர்கள் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அத்தை வந்து கேட்பாள், நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிடிக்கவில்லை என்பேன். பிறகு அத்தை எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள்.

இதற்கு நடுவில், அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, டாக்டர் தினமும் நடக்கச் சொல்கிறார், வெயிலில் எங்கே நடப்பார், வீட்டிலேயே ஒரு நடைமெஷின் வாங்கலாம் என்று நான்தான் சொன்னேன். நான் ஒரு யோசனை சொன்னதே அப்பாவுக்கு ஆச்சரியம். உடனே சரி என்றுவிட்டார். எனக்கு மைதானத்துக்குப் போய் நடக்க முடியாதா என்றால், முடியாது. அங்கே தெரிந்தவர்கள் இருப்பார்கள். தெரிந்தவர்கள் ‘என்ன செம்பகம், திடீர்னு?’ என்பார்கள்.

வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்குப் போனோம். அங்கே டை கட்டிய ஒருவன். “யாருக்கு சார்?” என்றான்.

“எனக்குத்தான். சுகர்” என்றார் அப்பா.

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா வேட்டிக்குள் இருக்கிறாரா என்று தேடித்தான் பார்க்க வேண்டும், அவ்வளவு ஒல்லி. பிறகு என்னைப் பார்த்தான். “நூத்தியிருவது கிலோ வரைக்கும் தாங்கும் சார்” என்று என்னைப் பார்த்தே சொன்னான். “மடக்கினா கட்டிலுக்கு அடியில தள்ளிரலாம் சார். வீட்ல இருக்கதே தெரியாது.”

வீட்டுக்கு வந்த பிறகுதான் அப்பாவுக்கு நினைவு வந்தது, கட்டிலுக்கு அடியில் இடமே இல்லை என்று. அங்கே என் கல்யாணச் சீர் இருக்கிறது. குத்துவிளக்கு, அண்டா, போணி, அடுக்கு டிபன் கேரியர் நாலு. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதிலிருந்து அம்மா ஒவ்வொன்றாக வாங்கிச் செய்தித்தாளில் சுற்றி அடியில் தள்ளிக்கொண்டிருக்கிறாள். அவற்றை வெளியே எடுக்க வேண்டுமென்றால் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும். ஆகவே மெஷின் ஹாலுக்கு வந்தது. மடக்கினால் சுவரில் சாய்ந்து நிற்கும், விரித்தால் சுவரைப் பார்த்து நடக்க வேண்டும். இதே சுவர்தான்.

வந்த அன்றைக்கு அம்மா அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். வண்டி என்றால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க வேண்டுமே. சக்கரத்தைத் தேடினாள், இல்லை. சரியென்று பெல்ட்டின் முன்பக்கம் ஒரு பழத்தை வைத்து, “நசுக்குங்க” என்றாள் அப்பாவிடம். அப்பா சுவிட்சைப் போட்டார். வண்டி போகவில்லை அக்கா. பழம்தான் போனது. பின்பக்கமாகப் பாய்ந்து டிவி ஸ்டாண்டில் மோதி, சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. அம்மா முகம் கறுத்துப்போனது. “சகுனமே சரியில்ல” என்றாள். எலுமிச்சம்பழம் நசுங்கினால் நல்ல சகுனம், தப்பித்துப்போனால் கெட்ட சகுனம். எந்த ஊர் நியாயமோ.

அப்பா வேட்டியோடுதான் நடப்பார். பேண்ட் போடுங்கள் என்றால் வீட்டுக்குள் எதுக்கு என்பார். இதில் ஒரு சிவப்புக் கயிறு இருக்கிறது பாருங்கள், இதை உடுப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். நாம் பின்னால் வழுக்கினால் கயிறு இழுபட்டு, அதன் முனையில் இருக்கிற சாவி கழன்று மெஷின் நின்றுவிடும். அப்பா அதை வேட்டியில் மாட்டிக்கொண்டார். நாலாம் நாள் பேப்பர் படித்துக்கொண்டே நடந்தவர் வழுக்கினார். மெஷின் சொன்னபடி நின்றது. வேட்டிதான் நிற்கவில்லை. அதோடு அப்பாவின் நடை முடிந்தது. “சுகர் கொறஞ்சிட்டு” என்று அவரே அறிவித்துக்கொண்டார்.

அம்மா ஒரு வாரம் நடந்தாள். “இவ்வளவு நேரம் நடந்ததுக்கு டவுனுக்குப் போயி நெல்லையப்பரக் கும்பிட்டுட்டு வந்திருக்கலாம்” என்று சொல்லி இறங்கியவள் பிறகு ஏறவில்லை. கைப்பிடியில் பாவாடை உலர்த்தினாள். பழைய சேலையில் உறை ஒன்று தைத்துப் போட்டாள். கீழ்வீட்டில் வாடகைக்கு இருக்கிற டீச்சர் ஒரு நாள் ஏறி வந்து, “அக்கா, காலையில அஞ்சு மணிக்கே மாவாட்டுதீங்களே, அவ்வளவு மாவு எதுக்கு?” என்று கேட்டாள். அம்மா விழித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

ஆமாம், நான்தான். இவர்கள் எழுந்திருப்பதற்கு முன்னால் திரையை இழுத்துவிட்டு நாற்பது நிமிடம் நடப்பேன். மூக்குக்கு நேரே சந்தன நிறச் சுவர். பெல்ட் சுற்றும்போது எனக்கு அதே இரண்டு வார்த்தைதான் கேட்கும். பூ-சி-னாப்ல, உப்-பி-ரும். இடது கால், வலது கால். அரைமணி நேரம் நடந்தால் இந்த எண் காட்டுகிற கணக்குப்படி ஒரு முறுக்கு கரைகிறது. ஒரு முறுக்கு! பையனுக்குப் பதில் சொல்ல எத்தனை முறுக்கைக் கரைக்க வேண்டும், பாருங்கள். நான் விடவில்லை. அறுபத்தெட்டு கிலோ இருந்தேன், ஐம்பத்தெட்டுக்கு வந்தேன்.

இளைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைக்கிறீர்கள்? நான் சொல்கிறேன். “பாவம், அந்த அம்பாசமுத்திரத்து எடம் தட்டிப்போன ஏக்கம்” என்று சொன்னது. வேண்டாம் என்று சொன்னது நான்! ஆவணியில் தூத்துக்குடியிலிருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். பார்த்துவிட்டுப் போய், பொண்ணு நோஞ்சானா இருக்கே, உள்ளுக்குள்ள சீக்கு எதுவும் உண்டுமா என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். இவர்களுக்கு எந்த அளவில் பெண் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் மெஷினில் அந்த அளவுக்கு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்ல விட்டுவிட்டேன். அதே ஆவணியில் இந்தச் சுவரில் ஒரு சின்னக் கொப்புளம் வந்தது. மிளகு அளவு. முதலில் பார்த்தது நான்தான், தினமும் அதை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நடக்கிறேனே. அடுத்த வாரம் நாலு கொப்புளம். புரட்டாசியில் பணியாரம் அளவு. நான் இளைக்க இளைக்க அது உப்பிக்கொண்டே வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அப்பா பெரிய காலண்டர் வாங்கி வருவார், அவ்வளவுதானே நடக்கும்.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் காலை, நாங்கள் மூன்று பேரும் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஓர் அடுக்கு அப்படியே உரிந்து மடக்கி வைத்திருந்த மெஷின் மேல் விழுந்தது. அப்பா தன் மேலேயே விழுந்ததுபோல எழுந்தார். விஷயம் கேள்விப்பட்டு பகவதி அத்தையும் வந்துவிட்டாள். மற்றவர்கள் வீட்டில் ஏதாவது இடிந்து விழுந்தால் அத்தை கோபத்தை மறந்துவிடுவாள்.

சுவரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு மோவாயில் கையை வைத்துக்கொண்டு, “அன்னைக்கே அந்தப் பையன் சொன்னாம்லா” என்றாள்.

“எந்தப் பையன்?” என்றார் அப்பா.

“நயினாருதான். படி எறங்கும்போது அவன் அம்மைட்ட சொல்லிக்கிட்டே வந்தான், நான் முன்னால எறங்குதேன். ‘செவரு பூசினாப்ல இருக்கும்மா, ஒரு வருசத்துல உப்பிரும்’னான். அவ, பைய பேசுலன்னு வஞ்சா. பாவம், வீட்டுக்காரங்க காதுல விழுந்தா சங்கடப்படுவாவல்லா. நல்ல சனங்க. ஏ தம்பி, அவன் ஒரு வருசம்னான், உனக்கு அஞ்சு மாசங்கூடத் தாங்கலியே!”

நான் அடுக்களைக்குப் போய் டம்ளர் கழுவினேன். கழுவி வைத்திருந்த டம்ளர்தான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள் அக்கா. தப்பு என் மேல் இல்லை. அத்தை ‘செவரு’ என்று சேர்த்துச் சொன்னாள். என் காதில் விழுந்ததில் செவரு இல்லை. ஜன்னல் நாலாவது படிக்கு நேரே இருக்கிறது. செவரை இரண்டாவது படியிலேயே சொல்லிவிட்டால் நான் என்ன செய்ய? எழுவாய் இல்லாத வாக்கியம் தமிழில் உண்டு. தோன்றா எழுவாய் என்று பெயர். வெளியே தெரியாது, உள்ளே இருக்கும், நாமாகக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும். ‘நேற்று வந்தேன்’ என்றால் நான் என்பது மறைந்திருக்கிறது. போன வருடக் கைடில் இதற்கு எட்டு எடுத்துக்காட்டு எழுதிக் கொடுத்தவள் நான்தான். எழுவாயை வைத்துப் பேசத் தெரியாத ஆள் எப்படி இன்ஜினியர் ஆனார்?

‘இருக்கு’ என்பது அஃறிணை வினையாயிற்றே, அதை வைத்தாவது உனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க மாட்டீர்கள், நான்தான் கேட்டுக்கொண்டேன். அதற்கும் பதில் இருக்கிறது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் பெண் எந்தத் திணை? ‘பொண்ணு நல்லா இருக்கு’, ‘பொண்ணு செவப்பா இருக்கு’ என்றுதானே சொல்கிறார்கள். பொண்ணும் இருக்கு, செவரும் இருக்கு. பிரித்துச் சொல்ல எந்த இலக்கணத்தாலும் முடியாது.

கொத்தனார் வந்து பார்த்தார், கசிவு எங்கே என்று தெரியவில்லை என்றார். அத்தை உடனே, “அந்தப் பையனையே கூப்பிடுவோம். பாத்த மாத்திரத்துல சொன்னவன் அவன்தான்” என்றாள்.

“ஊர்ல வேற இன்ஜினியரே இல்லியா?” என்றேன்.

“நீ சும்மா கெட. உன்னயவா பாக்க வாரான்? செவரப் பாக்க வாரான்” என்றாள்.

அத்தை சொன்னது சரிதான். எனக்கு அதில் ஒன்றுமில்லை. அந்த வாரம் நான் மெஷினில் காலையும் மாலையும் நடந்தேன், அது பழக்கம். மாலையில் திரையை இழுக்க மறந்துவிட்டது. சனிக்கிழமை ஒரு நீலச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டேன், அது துவைத்து ரொம்ப நாளாக அப்படியே கிடந்தது. ஒரு விஷயம் மட்டும் மனதில் இருந்தது. அவர் வந்தால், அன்றைக்குப் படியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்க வேண்டும். அத்தை சொல்லிக் கேட்டது வேறு, அவர் வாயால் கேட்பது வேறு. எழுவாயோடு முழு வாக்கியமாக ஒரு தடவை சொல்லட்டும். சொன்னால், எனக்குக் கேட்டது இப்படி என்று நானும் சொல்லிவிடலாம். பிறகு அவர்கள் பாடு. இரண்டு மாதம் காத்திருந்தவர்கள்தானே. இதைச் சொல்ல எனக்குக் குரல் வருமா என்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன். வந்தது.

உங்கள் மகளுக்கு என்று சொன்னீர்கள் இல்லையா, இந்த மெஷின்? அவளிடம் யார் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்க மாட்டேன். சொன்னது முழுவதும் அவள் காதில் விழுந்ததா என்று மட்டும் நீங்கள் கேட்டுப் பாருங்கள். சரி, அது உங்கள் வீட்டு விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வந்தார். மஞ்சள் தொப்பி இல்லை. தோளில் ஒரு துணிப்பை. வந்தவர் நேரே சுவரிடம் போனார். மெஷினைத் தள்ள வேண்டியிருந்தது.

“இதுல யாரு நடக்கா?”

“நான்தான் தம்பி. சுகர்” என்றார் அப்பா. கூசாமல்.

விரலை மடக்கிச் சுவரை அங்கங்கே தட்டினார், காதை வைத்துக் கேட்டார். டாக்டர் நெஞ்சில் தட்டுவாரே, அந்த மாதிரி. “பூச்சு செவர விட்டு வெலகி நிக்குது” என்றார். நான் தண்ணீர்ச் செம்போடு போனேன். வாங்குவதற்குத் திரும்பியவர் செம்பை வாங்கவில்லை. என்னையே பார்த்தார். தோளுக்கு மேலே இல்லை அக்கா, நேரே என் முகத்தை. பிறகு அம்மாவிடம் திரும்பி, “என்னம்மா, இவ்வளவு மெலிஞ்சிட்டாங்க? அன்னைக்கு நல்லா இருந்தாங்களே” என்றார்.

“சரியா சாப்பிட மாட்டேங்காய்யா” என்றாள் அம்மா.

நான் கேட்க வேண்டியதைக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் எதையோ மறைக்கிற மாதிரி அவசரமாகப் பைக்குள் கையை விட்டார். ஒரு பத்திரிகையை எடுத்தார். ஓரங்களில் மஞ்சள் தடவியிருந்தது.

“தை பன்னெண்டு. பாபநாசத்துல. அம்மா நேர்ல வந்து வைக்கணும்னுதான் இருந்தா. நான்தான் எப்படியும் போறேன்லா, குடுத்திருதேன்னு வாங்கிட்டு வந்தேன். நீங்க எல்லாரும் வரணும்.”

அப்பாவின் கையெல்லாம் சுண்ணாம்புத் தூசி. வேட்டியில் துடைத்தார், போகவில்லை. பத்திரிகையை நீட்டியவர் அதை இந்த மெஷின் மேலேயே வைத்தார், இதோ, போன் வைக்கிற இந்தப் பள்ளத்தில். அம்மா “ரொம்ப சந்தோசம்யா” என்றாள். அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது.

எனக்கு ஒன்றுமில்லை. செம்பில் தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்தேன், ஆடவில்லை.

அவர் பையிலிருந்து சுத்தியலை எடுத்தார். “ஒடைச்சாத்தான் சார் எங்க கசியுதுன்னு தெரியும். ஒடைக்கட்டுமா?”

“இப்பந்தான தம்பி பெயிண்ட் அடிச்சேன்” என்றார் அப்பா. “அதுக்கு மேலயே இன்னொருக்க லேசா பூசிட்டா என்ன?”

“எத்தன தடவ பூசினாலும் உப்பத்தான் சார் செய்யும்.”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பத்திரிகையைப் பார்த்தாள். அத்தை அப்பாவிடம், “நல்லா யோசிச்சிச் செய் தம்பி” என்றாள். அவர் சுத்தியலைப் பிடித்தபடி நின்றார்.

நான் செம்பைத் தரையில் வைத்தேன். அவர் கையிலிருந்து சுத்தியலை வாங்கினேன். சுவரில் ஓங்கி அடித்தேன். மூன்றாவது அடியில் தாம்பாளம் அகலத்துக்குப் பூச்சு பெயர்ந்து மெஷின் ஓரத்தில் விழுந்தது. உள்ளே கறுத்த செங்கல்லும், அதன் நடுவே சொட்டிக்கொண்டிருக்கிற குழாயும் தெரிந்தன.

“போதும்ங்க. தெரிஞ்சிட்டு” என்றார்.

நான் இன்னும் ஓர் அடி அடித்தேன்.